மதுரை தந்த மணிவண்ணன்

மதுரைக்குப் புகழ் சேர்ப்பன பல. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தது ஒன்று. கண்ணகி நீதி கேட்டது ஒன்று. கோபுரங்களும் மல்லிகையும் சித்திரைத் திருவிழாவும் வேறு. இவையெல்லாம் நம் மாணவ மாணவியர் நன்கு அறிந்தவையே. பாடநூலில் இடம்பெறாத பெருமை ஒன்றும் இவ்வூருக்கு உண்டு. ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், தமிழ் படிக்கத் தெரிந்த இளம்பெண்கள் பலருக்குத் திருப்பரங்குன்றம் என்றதும் முருகன் நினைவு வருமுன் பூரணி நினைவு வந்துவிடும். முருகப் பெருமான் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

பூரணி யார் என்று என் வகுப்பு மாணவியர் சிலர் கேட்டதுண்டு. பூரணி கதைப் பெண். 'குறிஞ்சி மலர்' என்னும் நாவலின் தலைவி. அவளுக்கு இணையாக அரவிந்தன் என்னும் இளைஞன். இவ்விருவரையும் படைத்தவர் 'தீபம்' நா. பார்த்தசாரதி. அக்கதையை நூலில் படித்துப் போற்றியவர்களும், பின்னாளில் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது பெட்டியின் முன் அமர்ந்து பார்த்தவர்களும் இம்மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். படித்து முடித்த காதல் கதையை, முடிவும் தெரிந்த பிறகு, மீண்டும் திரையில் காண மக்கள் ஏன் இத்துணை விரும்புகிறார்கள்? இந்த வினாவை மனத்திற்கொண்டே அவருடைய வாழ்க்கையை எழுதப் புகுந்தேன்.

நா. பா. அவர்கள் 1932ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து நதிக்குடி என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்தது. வானம் பார்த்த கரிசற் பூமி அது. அங்கிருந்து தமிழ் கற்க அவர் வந்து சேர்ந்த இடம் மதுரைத் தமிழ்ச் சங்கம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய அந்தச் சங்கம், ஆங்கிலக் கல்விக்குப் பொருள் வசதி இல்லாத எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குப் புலமை வாயிலாக விளங்கியது. அங்கே பயின்று பண்டிதத் தேர்வில் தேறினார். பண்டிதப் படிப்பு என்றால் இன்றைய மாணவர்களுக்கு அதன் பளு எளிதில் விளங்காது. இலக்கணமும் சங்க நூல்களும் காப்பியங்களும் உரையோடு நெஞ்சில் ஏற வேண்டும். தேர்வுக்கு முதல் நாள் புரட்டும் குறிப்பேடு அங்கே உதவாது.

அந்தப் புலமை அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. அவர் நாவல்களைத் திறந்து பாருங்கள். அத்தியாயத்தின் தலைவாசலில் ஒரு பழம்பாடல் நிற்கும். வார இதழ் வாங்கிக் கதை படிக்க வந்த வாசகர், அப்பாடலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தாண்டிப் போனவர்களிற் பலர் நாளடைவில் அங்கேயே நின்று படிக்கத் தொடங்கினார்கள். தமிழாசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் மன்றாடியும் நடக்காத காரியத்தை அவர் வாரா வாரம் நடத்திக் காட்டினார்!

படிப்பு முடிந்ததும் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். வடக்கு வெளி வீதியில் உள்ள அப்பள்ளியில்தான் 1904இல் மகாகவி பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். பாரதியாரின் வழியிலேயே நா. பா.வும் பள்ளியை விட்டுச் சென்னைக்குப் பத்திரிகைப் பணிக்குச் சென்றார். சேர்ந்த இடம் 'கல்கி' வார இதழ். ஆசிரியர் கல்கி 1954இல் மறைந்திருந்தார். அவர் எழுத்தில் தோய்ந்து பழகிய வாசகர் கூட்டம் அடுத்து யார் என்று எதிர்பார்த்திருந்த காலம் அது. அவ்விதழில் 'மணிவண்ணன்' என்ற புனைபெயரில் 1960ஆம் ஆண்டையொட்டி நா. பா. எழுதிய தொடர்கதையே 'குறிஞ்சி மலர்'. எழுதியவருக்கு அப்போது வயது முப்பதைத் தொடவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்ப் பேராசிரியர் அழகிய சிற்றம்பலம் இறந்துபோகிறார். அவர் மகள் பூரணி, தம்பியர் இருவரையும் தங்கையையும் காக்கும் பொறுப்போடு திருப்பரங்குன்றத்து வீட்டில் நிற்கிறாள். வேலை தேடி மதுரைத் தெருக்களில் அலைகிறாள். பசி மயக்கம் காண்கிறது. அச்சகம் ஒன்றில் பணிபுரியும் அரவிந்தன் அவளைக் காண்கிறான். மங்களேசுவரி அம்மாள் என்னும் நல்ல மனத்தினரின் ஆதரவு கிடைக்கிறது. பூரணி சிறந்த சொற்பொழிவாளராக உயர்கிறாள், இலங்கைக்கும் கல்கத்தாவுக்கும் சென்று பேசுகிறாள், தேர்தலிலும் நிற்கிறாள். கோடைக்கானலில் குறிஞ்சி பூத்திருக்கும் மலைச்சாரலில் இருவரும் பேசிக்கொள்ளும் பகுதியை இன்றும் மனப்பாடமாய்ச் சொல்லும் முதியவர்களை நான் அறிவேன். திருமணம் கைகூடவில்லை. ஏழைகளுக்குத் தொண்டு செய்யப்போன அரவிந்தன் நோய்வாய்ப்பட்டு இறந்துவிடுகிறான். பூரணி அவன் நினைவோடு வாழ்கிறாள்.

இங்கே தமிழ்த்துறை நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். குறிஞ்சித் திணைக்கு உரிப்பொருள் புணர்தல் என்பது முதலாமாண்டு மாணவரும் அறிந்தது. பண்டிதராகிய நா. பா. அறியாததா? எனினும் புணர்ச்சியே நிகழாத ஒரு காதலுக்குக் குறிஞ்சியின் பெயரை வைத்தார். திணை மரபை விலக்கிவிட்டு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறையே பூக்கும் அம்மலரின் அருமையை மட்டும் எடுத்துக்கொண்டார். கதை நெடுகிலும் காதலர் இருவரும் கைகூடத் தொட்டுக்கொள்ளத் தயங்குகிறார்கள். திருக்குறளைப் பேசுகிறார்கள், ஏழ்மையைப் பேசுகிறார்கள். வாசகர்கள் இதைச் சலிப்பாக எண்ணவில்லை. தங்கள் குழந்தைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் சூட்டினார்கள். என் வருகைப் பதிவேட்டில் அப்பெயர்களைக் காணும்போதெல்லாம், இது பாட்டனார் வைத்த பெயரா என்று கேட்கத் தோன்றும்.

என் பெரியம்மா அந்த வாசகர்களுள் ஒருவர். மேலூர் வட்டத்தில் ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. தந்தையை இளமையில் இழந்தவர். தம் சம்பளத்தில் என் தாய் உட்பட நால்வரைப் படிக்க வைத்தவர். அந்தப் பாடுகளுக்கிடையே தமக்கென்று ஒரு திருமணம் வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை, எடுத்துச் செய்ய ஆளும் இல்லை. இதழில் வந்த தொடரை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்டு வைத்திருந்தார். பகலில் அதை எடுத்துப் படித்தால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களாம். கதைப் புத்தகம், அதிலும் காதல் கதை, கன்னிப் பெண் கையில் இருக்கலாமா என்ற காலம். சிமினி விளக்கடியில் படித்த புத்தகம் அது.

பின்னாளில் தூர்தர்ஷன் 'குறிஞ்சி மலரை'த் தொடராக ஒளிபரப்பியபோது நான் பள்ளிச் சிறுமி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் தொடங்கப்பெற்றாலும் நம் தென் மாவட்டங்களுக்கு அதன் பயன் உடனே கிட்டவில்லை. கோடைக்கானல் மலைமேல் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பின்னரே மதுரைச் சமவெளி வீடுகளில் படம் தெளிவாகத் தெரிந்தது. அதற்குமுன் இலங்கையின் ரூபவாகினியை எட்டிப் பிடிக்க மூங்கில் உயரத்துக்கு ஆண்டெனா கட்டியவர்களும் உண்டு. பூரணியும் அரவிந்தனும் பேசிநின்ற அதே மலையிலிருந்துதான் அவர்கள் கதை எங்கள் ஊருக்கு இறங்கி வந்தது என்பதை இப்போது எண்ணிப் பார்க்க வியப்பாக இருக்கிறது. அரவிந்தனாக நடித்தவர் மு. க. ஸ்டாலின்; 2021இல் தமிழக முதலமைச்சரானவர் அவரே. அரசியல் பேச இது இடமன்று. அக்காலத்தில் ஊர்ப் பெண்களுக்கு அவர் அரவிந்தன், அவ்வளவே.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்தது. கூடத்தில் ஆண்கள் நாற்காலியிலும் கட்டிலிலும், பெண்களும் பிள்ளைகளும் தரையிலும் அமர்ந்திருப்போம். பெரியம்மா காக்கி அட்டைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே பார்ப்பார். அவர் மனத்தில் கண்டிருந்த திருப்பரங்குன்றத்து வீடு இதுவன்று என்று ஒரு நாள் என் தாயிடம் சொன்னார்; குறையாகச் சொல்லவில்லை. மறுவாரமும் முதல் ஆளாக வந்து அமர்ந்தார்.

சிமினி விளக்கடியில் ஒளித்துப் படித்த கதையை இப்போது ஊர்ப் பெரியவர்களோடு ஒரே கூடத்தில் அமர்ந்து வெளிச்சத்தில் பார்க்க முடிந்ததே, அதுதான் அத்தொடர் அவருக்குச் செய்த பேருதவி என்று நான் கருதுகிறேன். தம் மனத்துக்குள்ளேயே முப்பது ஆண்டு வாழ்ந்த பூரணியைப் பற்றி, முதன்முதலாகப் பிறரிடம் வாய்விட்டுப் பேச அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. முகம் சுளித்த பெரியவர்களில் உயிரோடு இருந்தவர்களும் கூடத்தில் கண்கலங்கியதை நானே பார்த்தேன். நாவல் தனிமையில் படிக்கப்படுவது. காதலைத் தனிமையில் மட்டுமே நினைக்க அனுமதிக்கப்பட்ட பெண்களுக்கு, ஊரறிய அதைக் காண்பது சிறிய செய்தி அன்று. கதை பழம் பெருமை உடையது, எழுதியவர் தமிழ்ப் பண்டிதர், பாத்திரங்கள் ஒழுக்கம் வழுவாதவர்கள் என்ற மூன்றும் சேர்ந்து அந்த அனுமதியை வாங்கித் தந்தன.

ஆங்கிலத் துறையினர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று கூறுவர். 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை 1995இல் பி.பி.சி. ஆறு பகுதிகளாக எடுத்தது. அதில் தலைவன் டார்சி குளத்தில் குதித்து, ஈரச் சட்டையோடு தலைவியின் எதிரே வந்து நிற்பான். அக்காட்சி நாவலில் இல்லை. ஆயினும் உலகெங்கும் பேசப்பட்டது அதுவே. எழுத்தில் அடக்கி வைத்ததைத் திரை அவிழ்த்துவிடுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி அக்காலத்தில் அவ்வாறு அவிழ்க்கும் துணிவு பெற்றிருக்கவில்லை. அரவிந்தன் கதைக்கு அந்தத் துணிவு தேவைப்படவும் இல்லை. அதன் கவர்ச்சி அவிழாத முடிச்சில்தான் இருந்தது. வாரம் ஒரு பகுதி, பிறகு ஆறு நாள் காத்திருப்பு என்ற முறை, தொடர்கதைக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் பொது. காத்திருந்தே வாழும் இருவரின் கதையைக் காத்திருந்தே பார்த்தோம். இன்று ஓர் இரவில் பத்துப் பகுதியையும் கைப்பேசியில் பார்த்துவிடும் என் மாணவியருக்கு இதை விளக்குவது சற்றுக் கடினம்.

நா. பா.வின் எழுத்தைப் பற்றிய குறையையும் மறைக்காமல் கூற வேண்டும். இப்படி ஒரு பூரணி உலகில் உண்டா, இப்படி ஓர் அரவிந்தன் எங்கே இருக்கிறான் என்று திறனாய்வாளர்கள் கேட்டார்கள். மு. வ., அகிலன் ஆகியோரோடு அவரையும் இலட்சியவாத எழுத்தாளர் வரிசையில் சேர்த்து, அந்த வரிசையையே ஒதுக்கியவர்களும் உண்டு. பாத்திரங்கள் பேசுமிடங்களில் மேடைப்பேச்சின் வாடை வீசுவதை நானும் உணர்கிறேன். அரவிந்தனுக்கு ஒரு சிறு குற்றமாவது இருந்திருந்தால் அவன் சாவு இன்னும் நம்மை உலுக்கியிருக்கும். ஆனால் பூரணி உலகில் இல்லாதவள் என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்பதற்கில்லை. தம்பி தங்கையரைக் கரையேற்றிவிட்டுத் தான் கரையிலேயே நின்றுவிட்ட பெண்கள் மதுரைச் சீமையில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்களை யாரும் கதைத்தலைவி என்று அழைக்கவில்லை. முதன்முதலாக அழைத்தவர் ஒரு மதுரைப் பள்ளித் தமிழாசிரியர்.

மதுரையை அவர் வேறு பல நாவல்களிலும் எழுதினார். விடுதலைப் போராட்ட கால மதுரையை 'ஆத்மாவின் ராகங்கள்' காட்டுகிறது. களப்பிரரிடமிருந்து பாண்டியர் மதுரையை மீட்ட கதை 'நித்திலவல்லி'. நாயக்கர் ஆட்சிக்கு 'ராணி மங்கம்மாள்'. 'பாண்டிமாதேவி', 'மணிபல்லவம்', 'கபாடபுரம்', 'பொன் விலங்கு' ஆகியவையும் அவர் புகழ் பரப்பியவை. அனைத்தையும் இங்கு விரிக்க இடமில்லை.

ஆனால் 'சமுதாய வீதி' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1971ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற நாவல் அது. முத்துக்குமரன் என்னும் நாடகக் கவிஞன் மதுரையிலிருந்து சென்னைக்குப் போகிறான். அவனோடு முன்பு நாடகக் குழுவில் இருந்த கோபால் இப்போது புகழ்பெற்ற சினிமா நடிகன். கோபாலின் நாடகக் குழுவில் மாதவி என்னும் நடிகை. முத்துக்குமரன் எழுதும் நாடகத்தோடு அவர்கள் மலேயாவுக்குச் செல்கிறார்கள். புகழும் பணமும் கலைஞனிடமும் காதலிடமும் என்ன விலை கேட்கின்றன என்பதே கதை. எழுதியது நடிப்புக்குப் போகும்போது யார் யார் கைப்பட்டு எப்படி மாறும் என்பதை, அவர் கதைகள் சின்னத்திரைக்குப் போகுமுன்பே அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு இந்நாவல் சான்று.

முத்துக்குமரனின் பிடிவாதம் படைத்தவரிடமும் இருந்தது. புகழின் உச்சியில் இருந்தபோதே 1965 ஏப்ரலில் 'தீபம்' என்னும் இலக்கிய மாத இதழைச் சொந்தமாகத் தொடங்கினார். பெரிய நிறுவனத்தின் நிழலை விட்டு வெளியேறி, விற்பனை குறைந்த இலக்கிய இதழை நடத்துவது எத்தகைய செயல் என்பதை, நம் ஆண்டு மலருக்கு விளம்பரம் கேட்டுக் கடை கடையாய் ஏறி இறங்கிய மாணவர்கள் ஓரளவு ஊகிக்கலாம். ஒரு மலருக்கே இப்பாடு. அவர் இரண்டு பதிற்றாண்டுகளுக்கு மேல் மாதந்தோறும் பட்டார். இடையில் 'தினமணி கதிர்' இதழுக்கும் ஆசிரியராக இருந்தார். கதைகள் எழுதி ஈட்டியது தீபத்துக்கு எண்ணெயாயிற்று. 'தீபம்' என்பது அவர் பெயரின் முன்னொட்டாகவே நிலைத்துவிட்டது.

அவ்விதழை அவர் தம் இலட்சியப் பாத்திரங்களுக்கான மேடையாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய எழுத்து முறைக்கு நேர் எதிரான முறையில் எழுதியவர்களுக்கும் அதில் இடம் தந்தார். நாஞ்சில் நாடனின் முதல் சிறுகதையான 'விரதம்' 1975இல் தீபத்தில்தான் வெளிவந்தது. வல்லிக்கண்ணன் எழுதிய 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' தீபத்தில் தொடராக வந்து, பின்னர் நூலாகி, 1978இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. மரபு கற்ற பண்டிதர் புதுக்கவிதை வரலாற்றுக்குத் தம் பக்கங்களைத் திறந்துவிட்டார்! அவருடைய பாத்திரங்களிடம் நான் தேடிக் கிடைக்காத நெகிழ்ச்சி, பத்திரிகையாசிரியர் என்ற நிலையில் அவரிடம் இருந்தது.

நடுவயதைத் தாண்டிய பின் அவர் மீண்டும் மாணவரானார். நாடறிந்த நாவலாசிரியர், பரிசுகள் பெற்றவர், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் பயின்று பட்டம் பெற்றார். தம்மைவிட மிக இளையவர்களோடு சேர்ந்து தேர்வு எழுதுவதில் அவர் கூச்சப்படவில்லை. அத்தோடு நில்லாமல் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்யத் தொடங்கினார். எடுத்துக்கொண்ட பொருள் நாவல் இலக்கியம் அன்று. பழந்தமிழரின் கட்டடக் கலையும் நகரமைப்பும். மதுரையைத் தாமரைப் பூவாகவும் அதன் தெருக்களை இதழ்களாகவும் கண்ட பரிபாடலைத் தமிழ்ச் சங்கத்தில் கற்றவர், ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி விரியும் நகரில் இளமையைக் கழித்தவர், அப்பொருளை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. பூரணியை அலையவிட்ட தெருக்கள்தானே!

ஆய்வேட்டை எழுதி முடித்தார். பட்டம் கைக்கு வரவில்லை. 1987ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் காலமானார். இன்னும் ஐந்து நாள் இருந்திருந்தால் ஐம்பத்தைந்து வயது நிறைந்திருக்கும். ஆசிரியர் போனபின் 'தீப'மும் நெடுநாள் எரியவில்லை. அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டபடியால் பலரும் வெளியிடுகிறார்கள். புத்தகக் கண்காட்சிகளில் 'குறிஞ்சி மலர்' இன்றும் விற்கிறது. ஆய்வேடும் நூலாக வந்துள்ளது. நம் கல்லூரி நூலகத்தில் அது நாவல்களோடு இல்லை. கட்டடக் கலை நூல்களுக்கிடையே, சாளரத்தை ஒட்டிய நிலைப்பேழையில் இருக்கிறது.